நாற்காலியை விட்டு எழாதவள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தப் பெரிய அண்டாவை இன்னும் ஒற்றை ஆளாகத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தால் வலி எப்படிப் போகும்? உன் கேன்டீனில் மற்றவர்களுக்கும் கை இருக்கிறது.

போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் சௌக்கியம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. அப்புறம் யார் முதலில் வைத்தது என்று அதற்கொரு சண்டை. அம்மாவுக்கோ போனில் காது கேட்பதில்லை. "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு என் கையில் கொடுத்துவிடுகிறாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த லாபம் எனக்குப் போதும்.

விஷயம் இதுதான். போன மழைக்காலத்தில் இங்கே வயிற்றுப்போக்கு பரவியது உனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுவிட்டு, பள்ளத்தெரு ஜனங்கள் ஏறி வருவார்கள் என்று காத்திருந்தார்கள். முகமூடி போட்ட அந்நியர்கள் மருந்து அடித்துக்கொண்டே கத்தியதில் பள்ளத்தெருவில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பால்காரம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் இங்கே நர்ஸாக இருக்கிற என்னை மாத்திரை எண்ணிப் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். சலவைக்காரரின் மனைவி சாத்திய வீட்டுக்குள்ளேயே இறந்துபோனாள். அம்மாவின் சிநேகிதி அவள். அம்மா அதிலிருந்து இன்னும் மீளவில்லை.

இனிமேல் அப்படி வேண்டாம் என்று மேலிடத்திலேயே யோசித்திருக்கிறார்கள். அந்தந்த ஊரில் இருக்கிற சுகாதாரப் பணியாளர்களையே ஆபத்து நேரத்தில் தலைமை ஏற்கப் பழக்கப் போகிறார்களாம். எங்கள் சுகாதார நிலையத்திலிருந்து என் பெயர் போயிருக்கிறது. கடைசியில் ஒத்திகை ஒன்று உண்டு. அதில் தேறினால் அடுத்த தடவை ஊர்ப் பொறுப்பு என்னுடையது. தேறாவிட்டால் மறுபடியும் வேன்தான்.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பிடு போட்டால் நீ சிரிப்பாய், அதனால் போடவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். முதுகு உன் பேச்சைக் கேட்கிறது, நான்தான் கேட்பதில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நம் மகாராணி ஊரை ஆளப் போகிறாள் என்று கேன்டீனில் சொன்னேன். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. நீ என்னை ஆண்ட கதையை அவர்களுக்கு முன்னமே சொல்லி வைத்திருக்கிறேன்.

விளையாட்டு போகட்டும். இங்கே எங்கள் தொழிற்சாலை கிளினிக்கில் நர்ஸ் வேலை ஒன்று காலியாகிறது. மேனேஜரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தங்க வீடு தருகிறார்கள், மேட்டில் கட்டிய வீடு. வருஷா வருஷம் வாசல்வரை தண்ணீர் வருகிற ஊரில் அம்மாவை வைத்துக்கொண்டு உனக்கு என்ன பொறுப்பு வேண்டிக்கிடக்கிறது? போன மழையின்போது நான் இங்கே அடுப்பு முன்னால் நின்றுகொண்டு எதையெல்லாம் நினைத்தேன் என்று உனக்குத் தெரியாது. சலவைக்காரம்மாவின் இடத்தில் நம் அம்மா இருந்திருந்தால்?

யோசித்துச் சீக்கிரம் பதில் போடு. அம்மாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

•

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இருவரும் சுகமே. பயிற்சிக்குப் போய் வந்ததில் கொஞ்சம் இளைத்துவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். அம்மா கண்ணுக்கு நான் எப்போதுமே இளைப்புத்தான்.

ஒத்திகையில் தோற்றுவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

நடந்ததைக் கேள். பொறுப்பாளருக்கு ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத சட்டை ஒன்று மாட்டிவிடுகிறார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பலகை. செய்திகள் எல்லாம் அங்கேதான் வரும், முடிவுகள் எல்லாம் அங்கிருந்துதான் போகும். சட்டை போட்டவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நோயாளியைத் தொடக் கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். எனக்கு நோயாளியாக நடிக்க ஒரு நாடகக்காரரைப் பிடித்து வந்திருந்தார்கள். பாவி மனுஷன், அப்படி முனகினான். புதுப் பெண் ஒருத்தி அவனுக்கு டிரிப் போட நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருந்தாள். என் கை சும்மா இருக்குமா? எழுந்து போய் நானே பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக நடித்தவர், "வால்வை மூடலாமா, வேணாமா?" என்று கேட்டுக்கொண்டு மேஜைக்கு வந்திருக்கிறார். மேஜையில் ஆள் இல்லை. அவர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஒத்திகைக் கணக்கில் கெட்ட தண்ணீர் பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

பயிற்சி கொடுத்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "ஒருத்தரை நல்லா பார்த்துக்கிட்டீங்க. அந்த நேரத்துல ஊரை யார் பார்த்தா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் கையால் செய்த வேலைதான் நான் என்று இருந்துவிட்டேன். அந்தக் கையைக் கட்டிப்போடு என்றால் மிச்சம் நான் யார் என்றே எனக்குப் புரியவில்லை. ஜூனில் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

வெயிலில் அலையாதே. அம்மா உனக்குத் துண்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

உன் அக்கா

•

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ தோற்றுப் போனதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு உன் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். மனசு கேட்கவில்லை.

எங்கள் தலைமைச் சமையல்காரரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லையே. மூன்று ஷிப்டும் ஒன்றாக வந்து விழுகிற நாளில் அவர் கரண்டியைத் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தட்டுகள் வெளியே போகிற வாசலில் நிற்பார். முதல் வருஷம் நான் அவரைச் சோம்பேறி என்றே நினைத்தேன். ஒருநாள் என் அடுப்பில் கருகுகிறது, ஓடிவந்து கிண்டுவார் என்று பார்த்தால், "இறக்கு. அடுத்த அண்டாவை ஏத்து. நீ போய் அரிசி பாரு" என்று மூன்று பேருக்கு மூன்று வார்த்தை. நகரவே இல்லை. நான் கேட்டபோது, "நான் கரண்டியைப் புடிச்சா ஒரு அண்டாதான் வேகும்டா" என்றார். அவருக்கு அந்த நேரத்தில் கை துறுதுறுவென்று இருக்குமாம். அதனால்தான் பின்னால் கட்டிக்கொள்கிறாராம்.

சொல்லிவிட்டேன். இதற்கு மேல் உனக்கு உதவி செய்ய மாட்டேன், ஏனென்றால் நீ தேறினால் இங்கே வர மாட்டாய். கிளினிக் வேலையைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லையே, கவனித்தாயா? நான் கவனித்தேன்.

அம்மாவிடம் துண்டைப் பத்திரமாக வைக்கச் சொல்.

உன் தம்பி

•

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. உன் அக்கா தேறிவிட்டாள்.

அதே நாடகக்காரன் வந்தான். இந்தத் தடவை வாந்தி எடுக்கிற மாதிரி ஏதோ வேறு செய்து காட்டினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வால்வு கேள்வி வந்தது, மூடச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கேள்வி வந்தது, பதில் சொன்னேன். முடிந்ததும் அந்த நாடகக்காரன் என்னிடம் வந்து, "என்ன சிஸ்டர், நான் செத்தாக்கூட திரும்பிப் பாக்க மாட்டீங்க போலயே" என்று உண்மையாகவே கோபித்துக்கொண்டான். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு வேண்டாம்.

இப்போது ஊரில் என் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் திறந்துவிடுகிற வால்வு அண்ணன், ஆம்புலன்ஸ் டிரைவர், கம்பவுண்டர், பள்ளத்தெருவுக்குப் பால்காரம்மா. போன வருஷம் வந்து சேர்ந்த சின்ன டாக்டரிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் மேல் படிப்புப் படித்தவர், நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். அவர் சிரித்துவிட்டு, "சிஸ்டர், வைத்தியம் என்கிட்ட விடுங்க. ஊரை நீங்க பாருங்க. ரெண்டையும் நான் பாத்தா ரெண்டும் கெடும்" என்றார். நல்ல பிள்ளை.

முகாமை மேட்டில் வைக்கப் போவதில்லை. பள்ளத்தெரு முனையில் உயரமாகத் தளம் கட்டிய தையல் கூடம் இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மிஷின்களை ஓரம் கட்டினால் கட்டில் போடலாம். துணி வெட்டுகிற பெரிய மேஜை எனக்கு.

கிளினிக் வேலையைப் பற்றி, மழை முடியட்டும், பேசுவோம். கோபப்படாதே.

உன் அக்கா

•

ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

நலம். பேப்பரில் உங்கள் பக்கம் கனமழை என்று போட்டிருக்கிறது. மழை முடியட்டும் என்று நீ எழுதினாய், மழை ஆரம்பித்துவிட்டது. லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வந்து அம்மாவை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். அம்மா உன்னுடைய ஒத்திகை ஆள் இல்லை.

அம்மாவின் துணிமணியை எடுத்து வை.

தம்பி

•

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். டிரைவர் மருந்து ஏற்றிவர வெளியே போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

வராதே. பாலத்தில் ஒரு பக்கம் அரித்துவிட்டது. தண்ணீர் லாரியும் ஆம்புலன்ஸும் மட்டும்தான் விடுகிறோம்.

வெள்ளம் வடிந்ததும் சாக்கடை குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டது. முதல் வீட்டில் ஆள் விழுந்த அன்றே பால்காரம்மா ஓடி வந்து சொன்னாள். அன்று மத்தியானமே தையல் கூடத்தைத் திறந்துவிட்டோம். யாரும் கதவைச் சாத்தவில்லை. பால்காரம்மா கூப்பிட்டால் எப்படிச் சாத்துவார்கள், மறுநாள் பால் வேண்டாமா? வால்வு அண்ணன் வந்து நின்றார். மேட்டுத்தெருவுக்கும் சேர்த்து ஊர் முழுக்கத் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன். மேட்டுத்தெருக்காரர்கள் கூட்டமாக வந்து, எங்கள் குழாய் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று சண்டை பிடித்தார்கள். ஒரே தொட்டி, ஒரே குழாய், இன்றைக்கு அங்கே, நாளைக்கு இங்கே என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் லாரித் தண்ணீர் வாசலுக்கு வரும் என்றேன். வந்தது. அதற்குப் பிறகு அவர்களே குடம் தூக்கிப் பள்ளத்தெருவுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

டாக்டருக்கு நிற்க நேரமில்லை. கம்பவுண்டர் உப்புச்சர்க்கரைக் கரைசலை அண்டாவில் கலக்குகிறார், உன்னைப் போலவே முதுகைப் பிடித்துக்கொண்டு. நான் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா சுகம்.

அக்கா

•

ஆகஸ்ட் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் கிளம்பிவிட்டேன். பாலம்வரை வந்தேன். அங்கே கொடியும் கையுமாக ஒருவர் நின்றுகொண்டு பஸ்ஸைத் திருப்பிவிட்டார்.

"சிஸ்டர் உத்தரவு சார். யாரா இருந்தாலும் திரும்பணும்."

"நான் அவங்க தம்பிங்க."

"அப்படியா? அப்ப உங்களுக்கே தெரியுமே, சொன்னா மாத்துவாங்களான்னு."

வந்த பஸ்ஸிலேயே ஏறிக்கொண்டேன். சொந்த ஊருக்குள் நுழையவிடாமல் சொந்த அக்கா தடுத்த கதையை யாரிடம் சொல்லி அழுவது? திரும்பி வந்து உன் கடிதத்தைப் படித்தேன். வால்வுக்கு இத்தனை வரி, மேட்டுத்தெருவுக்கு இத்தனை வரி, அம்மாவுக்கு இரண்டே சொல். எனக்கு உன்னைத் தெரியும் அக்கா. சுகமாக இருந்தால் அம்மா என்ன சமைத்தாள், யாரைத் திட்டினாள் என்று எழுதுவாய். அம்மாவைப் பற்றி வெறும் "சுகம்" என்று நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. போனும் போகவில்லை.

அம்மா எப்படி இருக்கிறாள்? ஒழுங்காக எழுது. எனக்கு இங்கே வேலையில் கை ஓடவில்லை.

தம்பி

•

ஆகஸ்ட் 30

அன்பு மகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீ சாப்பிட்டாயா? நான் நன்றாக இருக்கிறேன். இதை நானே உட்கார்ந்து எழுதுகிறேன், அதிலிருந்தே தெரிந்துகொள். உன் அக்காவுக்கு நீ எழுதிய கடிதம் மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது. அவளுக்கு நேரமில்லை. என் பிள்ளை எழுதியதுதானே என்று நான் பிரித்துப் படித்தேன். அதனால்தான் நான் பதில் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது உண்மைதான். குழாய்த் தண்ணீரை நிறுத்தியதற்கு முந்தின நாள் பிடித்து வைத்த குடத்திலிருந்து குடித்துவிட்டேன். உன் அக்கா காய்ச்சிக் குடி என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் மத்தியானம் எழுந்து நிற்க முடியவில்லை. பால்காரம்மா பார்த்துவிட்டு, அவளும் சலவைக்காரரும் என்னை நாற்காலியில் உட்கார வைத்துத் தையல் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவர்களிடம் ஒன்றைத்தான் சொன்னேன். "எம்பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. அவ எந்திரிச்சு வந்துருவா. வந்தா எல்லாம் கெட்டுச்சு." பெண் தோற்றுப்போய் வந்து மூலையில் உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்தேன். மறுபடி என்னால் அவள் தோற்க வேண்டாம்.

தடுப்புத் துணிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். டாக்டர் தம்பி டிரிப் போட்டார். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் சிநேகிதியை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடினால் திறப்போமா என்றிருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "லாரி எங்க? சரி, அடுத்து." "யாரு புதுசு? சரி, அடுத்து." ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. எல்லோரும் அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பெற்ற பெண்ணா இது என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். விழித்தபோது தெம்பு வந்திருந்தது.

அவளுக்கு இன்னும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் நான் மூச்சு விடவில்லை. நீயும் சொல்லிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

•

செப்டம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? உன்னைப் பாலத்தில் திருப்பி அனுப்பிய செய்தி எனக்கு வந்தது. அந்த மனிதருக்கு நான் ஒரு சபாஷ் சொன்னேன். நீ திட்டிக்கொள்.

முடிந்துவிட்டது தம்பி. புதிதாக யாருக்கும் வரவில்லை. கட்டில்கள் காலியாகி, தையல் மிஷின்கள் பழைய இடத்துக்குப் போய்விட்டன. ஒருவரைக்கூட நாங்கள் இழக்கவில்லை. மறுபடி சொல்கிறேன், ஒருவரைக்கூட இழக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

நடுவில், பாலத்தை ஒட்டுப்போட்ட பிறகு, வெளியூர் வேன்கள் வந்தன. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் இறங்கி, தையல் கூடத்துக்குள் வந்து, "இங்க யார் பொறுப்பு?" என்று கேட்டார். போன வருஷம் இதே கேள்விக்கு நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். இந்தத் தடவை கம்பவுண்டர், டிரைவர், டாக்டர், கட்டிலில் படுத்திருந்தவர்கள்கூட என் பக்கம் கையை நீட்டினார்கள்.  நிலைமையைச் சொன்னேன். எத்தனை தெரு, எங்கே தண்ணீர், எங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்று. அவர் முழுக்கக் கேட்டார். நாற்காலியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி சிஸ்டர், எங்களுக்கு என்ன வேலை குடுக்கிறீங்க?" என்றார். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற வீடுகளை ஒப்படைத்தேன். கூடவே பால்காரம்மாவின் மருமகளை வழிகாட்ட அனுப்பினேன். ஒரு கதவும் சாத்தவில்லை.

கடைசி நாள் சலவைக்காரர் வந்தார். அவர் இத்தனை நாளும் எங்களுக்குக் கட்டில் துணியெல்லாம் கொதிக்க வைத்துத் துவைத்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. "போன வருஷமும் உன்னை உக்கார வச்சிருந்தாங்கன்னா, அவ இருந்திருப்பாம்மா" என்றார். அவர் தோளிலிருந்த துணி மூட்டையை வாங்கி இறக்கி வைத்தேன். 

இனி உன்னிடம் ஒன்று. அம்மா சுகம் என்று எழுதினேன் அல்லவா, அப்போது அம்மா எனக்குப் பின்னால் தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் டிரிப்போடு படுத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்று யாருக்கும் தெரியாது, கம்பவுண்டரைத் தவிர. அவர் வந்து என் முன்னால் நின்று வாயைத் திறக்காமல் விழித்தார். உள்ளே இருமல் கேட்டது. அம்மாவின் இருமல் எனக்குத் தெரியாதா?  "நாடி இருக்கா? சிறுநீர் போகுதா?" என்று கேட்டேன். "ரெண்டும் இருக்கு" என்றார். அவருக்குப் பின்னாலேயே வால்வு அண்ணன் நின்றுகொண்டிருந்தார், ஊர்த் தண்ணீரை நிறுத்துவதா வேண்டாமா என்று. அவரை எப்படிக் காக்க வைப்பேன்? நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்து என்றேன். மேட்டுத்தெருக்காரர்கள் சண்டைக்கு வந்ததும் அப்போதுதான். என் கைகள் முழங்கால்மேல் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. டாக்டர் வெளியே வந்து, யாரிடமோ சொல்கிற மாதிரி, "அந்தக் கட்டில் அம்மா தேறிட்டாங்க" என்று சொல்லும்வரை நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே. தெரிந்தும் மகள் வந்து பார்க்கவில்லை என்பதை எந்தத் தாய் தாங்குவாள்? தினமும் அவள் தட்டில் ஒரு கரண்டி சோறு கூடவே போட்டுவிடுகிறேன்.

உன் அக்கா

•

செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

இருவருக்கும் சேர்த்து ஒரே கடிதம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா சத்தமாகப் படிக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். முதுகும் நன்றாக இருக்கிறது. வாய்தான் அரிக்கிறது.

அம்மா, நீ தையல் கூடத்தில் படுத்திருந்தது அக்காவுக்குத் தெரியும். முதல் இருமலிலேயே தெரியும். அக்கா, உனக்குத் தெரியக் கூடாது என்று தூக்கிக்கொண்டு போனவர்களிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கெஞ்சியவள் அம்மாதான். இருவரும் என்னிடம் சொல்லாதே, சொல்லாதே என்று எழுதுகிறீர்கள். நான் என்ன இரும்புப் பெட்டியா? இரண்டு பேர் விஷயத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சமையல்காரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா?

கிளினிக் வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். என் அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு ஊர் இருக்கிறது என்றேன். கேன்டீன் முழுக்க உன் கதைதான் அக்கா. தலைமைச் சமையல்காரர் கேட்டுவிட்டு, அந்தம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு என்றார். அவர் மேனேஜருக்கே வணக்கம் வைக்காதவர். நான் உன் தம்பி என்று சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறேன், முதுகுவலி போனது அதனாலும் இருக்கலாம்.

லீவு கிடைத்துவிட்டது. யாரையும் கூட்டிக்கொண்டு போக வரவில்லை, பார்க்க வருகிறேன். பாலத்து மனிதரிடம் சொல்லி வை.

உங்கள் பிள்ளை, உன் தம்பி

•

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். இந்தத் தடவை நம்பலாம்.

உன் கடிதத்தை நீ சொன்னபடியே பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அந்த இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. உன்னை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். அம்மா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, மிச்சத்தைத் தானே படித்தாள். படித்து முடித்துவிட்டுக் காகிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

பிறகு கேட்டாள். "அன்னிக்கு நான் உன்னைக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

அம்மாவிடம் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வந்திருப்பேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம். ஆனால் வால்வு அண்ணன் நின்றது நினைவுக்கு வந்தது. நான் எழுந்து போயிருந்தால் அந்தக் கெட்ட தண்ணீர் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்பதும்.

"வந்திருக்க மாட்டேம்மா" என்றேன்.

அம்மா என் தலையைப் பிடித்து இழுத்து, சின்ன வயதில் செய்வாளே, அந்த மாதிரி நெற்றியோடு நெற்றியை முட்டினாள். "தெரியும்டி. அங்க படுத்துக்கிட்டு உன் குரலக் கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் நான் பயம் விட்டுத் தூங்கினேன்" என்றாள்.

அப்புறம் இருவரும் அழுதோம், அதை உனக்கு எழுதாமல் விட்டால் நீயே கண்டுபிடித்துக் கேட்பாய். சீக்கிரம் வா.

உன் அக்கா